நறுக்குச் சிறகு

ஜெர்மனிக்குப் போகும்போது மகள் எங்களிடம் விட்டுச் சென்றவை மூன்று: ஒரு சைக்கிள், இரண்டு அலமாரிப் புத்தகங்கள், இரண்டு போத்தல் ஈக்கள். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். புத்தகங்களைத் தொட வேண்டாம் என்றாள். ஈக்களைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை புதுப் போத்தலுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி, எப்படி மாற்றுவது என்று இரண்டு முறை செய்தும் காட்டினாள்.

பழத்தின் மேல் மொய்க்கும் சிறிய ஈ. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, சிவந்த கண். தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் அவள் இந்த ஈயோடுதான் இருந்தாள். முட்டைக்குள் உடம்பு எப்படி உருவாகிறது, எந்த மரபணு எந்த நேரத்தில் எதைச் செய்கிறது என்பது அவளுடைய படிப்பு. படிப்பு முடிந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றார், ஆய்வுக்கூடம் வேறொருவர் கைக்குப் போனது. ஈக்களைத் தூக்கிக்கொண்டு மலாக்காவில், புக்கிட் காத்திலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அறையில் ஏர்கான் போடப்பட்டது. மேசை மேல் இருந்த கண்ணாடியையும் சீப்பையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் போத்தல்கள் வைக்கப்பட்டன.

“கொசுவுக்கு மருந்து அடிக்கிறோம், கரப்பானுக்கு மருந்து வைக்கிறோம். இவ ஈக்கு ஏர்கான் போட்டுட்டுப் போறா,” என்றாள் என் மனைவி.

“மா, இது சாக்கடை ஈ இல்ல லா. வாழப்பழத்துல மொய்க்குமே, அது.”

“அதத்தான் பசார்ல தெனம் பாக்குறேனே. வீட்டுல வேறயா?”

ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் மலாக்கா நிருபர், பிறகு தலைமை அலுவலகத்தில் பக்கம் கட்டும் துணையாசிரியர், கடைசிப் பத்து ஆண்டுகள் பிழை திருத்தும் மேசை. அங்கே உட்கார்ந்தவனுக்கு எதை எடுத்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். கல்யாண அழைப்பிதழைக்கூட நான் அப்படித்தான் படிக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இதுவே காரணம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் புறப்படுவதற்கு முந்திய வாரம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். கருப்புப் பின்னணியில் நீள்வட்டமாக ஒரு முட்டை. அதன் குறுக்கே ஒளிரும் ஏழு பட்டைகள். அளவெடுத்துக் கோடு போட்டதுபோல் சம இடைவெளி.

“இதுக்கு வயசு என்னா தெரியுமா பா? மூணு மணி நேரம்.”

“தல எங்க?”

“தல இன்னும் வரல. ஆனா எங்க வரணும்னு முடிவாயிருச்சு.”

“யாரு முடிவு பண்ணுனா?”

“அம்மா.”

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் எழுதுகிறேன். நாளிதழ் அலுவலகத்தில் செய்தி ஒன்றும் வராத காலை நேரத்திலேயே மாதிரித் தாளில் கோடு போட்டுவிடுவோம். இங்கே தலைப்பு, இங்கே படம், கீழே விளம்பரம். செய்தி எதுவானாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் வந்து உட்கார வேண்டும். ஈயின் முட்டையிலும் அப்படி ஒரு மாதிரித் தாள் இருக்கிறது. தாய் ஈ முட்டையை உருவாக்கும்போதே அதன் ஒரு முனையில் ஒரு மரபணுவின் குறிப்பை வைத்துவிடுகிறது. முட்டை வெளியே வந்ததும் அந்தக் குறிப்பிலிருந்து ஒரு புரதம் உண்டாகி மறுமுனை நோக்கிப் பரவுகிறது, தண்ணீரில் விட்ட மைத்துளி போல. அது அடர்த்தியாக உள்ள இடம் தலை. கொஞ்சம் குறைந்த இடம் கால்களும் சிறகும் வரும் மார்பு. தேய்ந்து போன இடம் வயிறு. இந்த அளவைப் பார்த்துத்தான் அடுத்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக விழிக்கின்றன. முதலில் அகலமான பகுதிகள், பிறகு ஏழு பட்டைகள், பிறகு பதினான்கு. கடைசியாக வேறொரு குழு வந்து எந்தத் துண்டில் கால், எந்தத் துண்டில் சிறகு என்று சொல்கிறது. அந்தக் குழுவில் ஒன்று தவறினால் தலையில் உணர்கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கும். அந்தப் படத்தையும் காட்டினாள். மனைவி எழுந்து போய்விட்டாள்.

“அப்பாவோட ஜீனு?” என்று கேட்டேன்.

“இருக்கும் பா. ஆனா அது அப்பறம்தான் பேச ஆரம்பிக்கும். மொத ரெண்டு மணி நேரம் அம்மா வச்சுட்டுப் போனதுதான். அதுல அப்பாவுக்கு வேலயே இல்ல.”

“நல்லாக் கேட்டுக்குங்க,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

போத்தலில் இருந்தவை அந்தத் தலை மரபணு கெட்டுப்போன ஈக்களின் வம்சம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளும் கெட்டுப்போன ஒரு தாய் ஈயைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது என்றாள் மகள்.

“அதுக்குத் தல இருக்கும், பறக்கும், முட்ட போடும். ஏன்னா அதோட அம்மா அதுக்கு வச்சுட்டா. ஆனா இது தன் பிள்ளைக்கு வைக்காது. அந்தப் பிள்ளைக்குத் தல வராது பா. ரெண்டு பக்கமும் வாலுதான். முட்டைக்குள்ளயே முடிஞ்சிரும்.”

வெளிநாட்டிலிருந்து வந்த அந்த வம்சத்தை, பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் ஒரு செம்பெடாக் பழக்கடையில் பிடித்த உள்ளூர் ஈக்களோடு அவள் பல தலைமுறை கலந்திருந்தாள். குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்களில் கண்டறிந்த அளவுகள் நம் ஊர் வெயிலில் வளரும் ஈக்கும் அப்படியே பொருந்துமா, சூடு கூடினாலும் தலை அதே இடத்தில்தான் வருமா என்பது அவள் கேள்வி. இந்தக் கலப்பு வம்சம் வேறு எங்கும் கிடையாது.

“ரெண்டு வருஷம்தான் பா. அங்க கத்துக்கிட்டு வந்து இங்கயே ஆரம்பிக்கணும். இத மட்டும் உயிரோட வச்சிருங்க. எதையும் பிரிக்க வேணாம், பொறுக்க வேணாம். எல்லாத்தையும் தட்டிவிடுங்க, அது போதும்.”

என் காதில் விழுந்தது ‘இங்கயே’ என்ற சொல். இந்த ஈக்கள் உயிரோடு இருந்தால் அவள் திரும்பி வருவாள். விமான நிலையத்தில் அவள் தானியங்கிக் கதவைத் தாண்டி மறைந்தபோது நான் நினைத்துக்கொண்டது அதுதான்.

ஈக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். சோள மாவு, பழுப்புச் சீனி, ஈஸ்ட், ஜெல்லி உறையவைக்கும் அகார் அகார், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் வினிகர். கிளறி இறக்கி, கழுவிக் காயவைத்த காயா ஜாம் போத்தல்களில் இரண்டு விரற்கடை ஊற்றி ஆறவைக்க வேண்டும். அகார் அகார் வாங்கும் மளிகைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“என்னாண்ணே, மாசம் ரெண்டு தடவ அகார் அகார். வீட்டுல விசேஷமா?”

“விருந்தாளிங்க இருக்காங்க.”

“இவ்ளோ நாளாவா? என்னா விருந்தாளிங்கண்ணே அது, வெரட்டி விடுங்க லா!”

தட்டும் நாளில் பழைய போத்தலை மேசை மேல் லேசாக மோத வேண்டும். ஈக்கள் அடியில் விழும். உடனே பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் போத்தலின் வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். பழைய போத்தலில் புழுக்களும் கூடுகளும் தங்கிவிடும். அதை மனைவியிடம் கொடுப்பேன். அவள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி அடுத்த முறைக்கு வைப்பாள். கழுவும்போது மட்டும் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவில் மகள் வருவாள். எங்களுக்கு ஆறு மணி, அவளுக்கு மதியம். முதலில் அம்மாவிடம் பேசுவாள்: இங்கே என்ன சமையல், அங்கே எத்தனை பாகை குளிர். பிறகு என்னிடம். நான் போத்தலைக் கேமராவுக்கு முன்னால் காட்டுவேன். ஈக்கள் கண்ணாடியில் ஏறும். அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவருவாள். அந்த இரண்டு மூன்று நொடிகளுக்காகவே நான் வாரம் முழுவதும் போத்தலின் வெளிப்புறத்தைத் துடைத்து வைப்பேன்.

மற்ற நாட்களில் அந்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஏர்கான் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அவள் பள்ளிக்கூடத்து மேசை. மேசையின் ஓரத்தில் பேனாக் கத்தியால் கீறிய ஒரு கோடு. அப்போது திட்டினேன். இப்போது போத்தல்களை அந்தக் கோட்டுக்கு நேராக வரிசையாக வைக்கிறேன்.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. என் பழைய அலுவலகப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது, அச்சுத் தகட்டின் புள்ளிகளைப் பார்க்க வைத்திருந்த உருப்பெருக்கி கிடைத்தது. கட்டைவிரல் அளவு. கண்ணில் வைத்துக் குனிந்தால் பத்து மடங்கு தெரியும். அதை எடுத்துக்கொண்டு நேராக மகளின் அறைக்குப் போனேன். ஈக்களை ஐந்து நிமிடம் பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தால் மயங்கிவிடும் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. மயங்கியவற்றை ஒரு குளிர்ந்த வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன்.

முதல் முறையாக அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிறகுகள் மைக்கா தகடு போல. நரம்புகள் தெளிவாகத் தெரிந்தன. அப்புறம்தான் அதைப் பார்த்தேன். ஒரு ஈயின் சிறகு நுனியில் நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு நறுக்கு. அடுத்ததிலும். அதற்கடுத்தது முழுதாக இருந்தது. பிறகு மறுபடியும் நறுக்கு. எண்ணினேன். மூன்றில் இரண்டு ஈக்களுக்கு நறுக்கு இருந்தது.

என் சமையல்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். முதல் பதிப்பில் நுழைந்த ஒரு பிழை, யாரும் பார்க்காமல் பதினான்கு மாதம் பக்கத்துக்குப் பக்கம் பரவியிருக்கிறது. அவள் வந்து பார்த்தால் வம்சம் பாழாகிக் கிடக்கும். நல்ல வேளை, இப்போதாவது கண்ணில் பட்டது.

ஓவியத் தூரிகை ஒன்றால் பிரித்தேன். முழுச் சிறகுள்ளவை இடப்பக்கம், நறுக்கு விழுந்தவை வலப்பக்கம். இரண்டு போத்தலுக்கும் ஒரே நாளில், ஒரு காலை முழுக்க. இடப்பக்கத்தவை புதுப் போத்தலுக்குப் போயின. வலப்பக்கத்தவை சவர்க்காரத் தண்ணீரில் போயின. பழைய போத்தல்களைக் கொண்டுபோய் அடுப்படி மேடையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லும்போது எப்படி ஆச்சரியப்படுவாள் என்று யோசித்துக்கொண்டே கை கழுவினேன்.

அது எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முந்திய வாரம். எங்கள் என்றால் மனைவி பிறந்து வளர்ந்த தோட்டம். டுரியான் துங்காலைத் தாண்டி உள்ளே போனால் வரும். அவள் பிறந்தபோது ரப்பர், இப்போது செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போனவர்கள் எல்லாரும் காரில் வருவார்கள். அந்த ஆண்டு மனைவி பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். நான் ஈக்களைப் பிரித்ததற்கு இரண்டு நாள் முன்னால்தான் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். பால்குடம் எடுத்துக் காப்பு அவிழ்க்கும் வரை கவுச்சி இல்லை, தரையில் பாய், வீட்டில் உரத்த பேச்சு இல்லை. என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் பலிக்காது என்பாள். கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை, அதுவும் வீட்டில் இல்லை. வேறு என்ன வேண்டுவாள்?

நான்காம் நாள் புதுப் போத்தல்களைத் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக அதற்குள் புழுக்கள் தீவனத்தில் வளை தோண்டிப் போயிருக்கும், மேல்பரப்பு உழுத வயல் போல் கிடக்கும். இப்போது ஊற்றி ஆறிய அன்று இருந்ததுபோலவே வழவழவென்று இருந்தது. ஈக்கள் நன்றாகத்தான் இருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தேன். மேல்பரப்பு முழுக்க முட்டைகள், அரிசி மணி போல. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் மூச்சுக்கென்று தாய் வைத்த மெல்லிய இழைகள் இரண்டு. ஒரு முட்டைகூட உடையவில்லை. மறுநாளும் அப்படியே.

ஞாயிறு மாலை மகள் வந்தாள். நான் போத்தலைக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“நறுக்கு இருக்கறதயா தூக்குனீங்க?”

“கொறை உள்ளதத்தான தூக்கணும்?”

அவள் சிரித்துவிட்டாள். “ஐயோ பா. ஈக்கு ப்ரூஃப் பாத்திருக்கீங்க!” பிறகு சிரிப்பு நின்றது. “பா, அந்த நறுக்கு நாங்க வச்ச அடையாளம். நறுக்கு இருந்தா உள்ள நல்ல ஜீன் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். நறுக்கு இல்லாததுக்கு ரெண்டுமே கெட்டது. நீங்க பொறுக்கி எடுத்து வச்சது பூரா...”

“தல வைக்காத அம்மாங்க.”

“ஆமா.”

சிறகு முழுதாக இருந்ததால் நான் தேர்ந்தெடுத்தவை அவை. முட்டைகளும் முழுதாகத்தான் இருந்தன. கோடு போடாத மாதிரித் தாள்கள்.

“பழைய போத்தல் இருக்கா பா? அதுல கூடு இருந்திருக்கும். ஒரே ஒரு நறுக்குப் பொம்பள ஈ வெளிய வந்தாக்கூடப் போதும்.”

“ஆறு நாளாச்சு. அம்மா கழுவியிருப்பா.”

“சுடுதண்ணி ஊத்தியா?”

“எப்பவும் அப்படித்தான.”

“பரவால்ல பா,” என்றாள். அச்சுக்குப் போகும் நேரத்தில் தன் செய்தியை எடுத்துவிட்டார்கள் என்று கேட்ட நிருபர்கள் அந்தக் குரலில்தான் ‘பரவாயில்லை’ சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மனைவி சாமி மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். பழைய போத்தல்களை எப்போது கழுவினாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“காப்பக் கட்டிக்கிட்டு உசுரு மேல சுடுதண்ணி ஊத்தச் சொல்றீங்களா? உள்ள நெளியுது. பாத்துக்கிட்டே எப்பிடிங்க ஊத்துறது?”

“அப்ப எங்க?”

“பின்னால. காப்பு அவுக்கட்டும்னு வச்சிருக்கேன். பஞ்ச எடுக்கல, அடுப்படிக்குள்ள வந்து மொய்ச்சா யாரு பாக்குறது?”

துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே, சவர்க்காரத் தூள் டப்பாவுக்குப் பின்னால் இரண்டு போத்தலும் இருந்தன. ஒன்றில் வெயில் பட்டுத் தீவனம் காய்ந்து சுருண்டிருந்தது. கூடுகள் கருகியிருந்தன. மற்றொன்றின் கண்ணாடியில் அசைவு தெரிந்தது. பிரிட்ஜில் வைத்து மயக்கித் தட்டில் கொட்டினேன். பதினொன்று. உருப்பெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நறுக்கு விழுந்தவை ஏழு. அதில் வயிற்று நுனி கருக்காதவை, அதாவது பெண் ஈக்கள், நான்கு.

தொலைபேசி இன்னும் மேசையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மா,” என்றாள். “காப்புக் கட்டுன கைய காட்டுங்க.”

மனைவி கையைக் காட்டினாள். மகள் திரைக்கு முத்தம் கொடுத்தாள்.

பதினொன்றையும் பிரிக்காமல் புதுப் போத்தலில் விட்டேன். ஐந்தாம் நாள் தீவனத்தில் முதல் வளை தெரிந்தது. தலையுள்ள புழு, கருப்பாகச் சின்ன வாய்க்கொக்கி, தின்று முன்னேறிக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த நாள் பால்குடம். மனைவி மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, தோட்டத்து எல்லைப் பிள்ளையார் கோயிலிலிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்தாள். நான் பழக்கம் விடாமல் கேமராவோடு பக்கவாட்டில் நடந்தேன். மேளம், உறுமி, கார்களின் வரிசை. மாரியம்மனுக்குப் பால் ஊற்றியபோது அவள் அழுதாள். காப்பு அவிழ்த்த பிறகு கூடாரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் அவளுடைய அக்கா முறையுள்ள ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை சொல்லும் கதையை ஆரம்பித்தார்.

“இவ சைக்கிளு பின்னால ஓடுனது தெரியும்ல? பினாங்குல நர்சு படிக்க லெட்டர் வந்து, பொட்டியத் தூக்கிக்கிட்டு டுரியான் துங்கால் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டா. இவங்க அப்பா சைக்கிள்ல வந்து, ஒரு வார்த்த பேசல, பொட்டிய எடுத்து கேரியர்ல கட்டிக்கிட்டுப் போறாரு! புதுச் செருப்பு பொட்டிக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு இவ பின்னாலயே ஓடுறா! பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கிறான், வருவியா மாட்டியா லா!”

எல்லாரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக நானும் இந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறேன். மனைவியும் சிரித்தாள்.

அப்போது அவள் தொலைபேசி அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் மகள். ஜெர்மனியில் அப்போது விடிந்திருக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கேயே ஒரு நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஐந்து ஆண்டுகள், சொந்த மேசை, உதவிக்கு ஒருவர். அதற்குப் பிறகும் தொடரலாம்.

“அப்ப இங்க?” என்றேன்.

“இங்க அப்பறம் பாக்கலாம் பா.”

மனைவி திரையைத் தடவினாள். கை மணிக்கட்டில் மஞ்சள் கறை இருந்தது. கூட்டத்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, பிறகு பேசுகிறேன் என்று மகள் வைத்துவிட்டாள்.

காரில் திரும்பி வரும்போது, அணைக்கட்டைத் தாண்டிய பிறகு, மனைவிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் பேச்செடுத்தேன்.

“வேண்டிக்கிட்டது பலிக்கல போல இருக்கு. விடு. அஞ்சு வருஷம் போயிரும்.”

“பலிச்சிருச்சுங்க,” என்றாள்.

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

“அவ அங்கயே நெலச்சு நிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அவ போறப்பவே சொன்னேன், எங்களுக்காகத் திரும்பாதன்னு. நீங்க இங்கயே இங்கயேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.”

“எப்ப சொன்ன?”

“எப்பன்னு கேட்டா? அவ பொறந்ததுலேருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அடுப்படிக்குள்ள வந்தா கரண்டிய புடுங்கிட்டு, போய்ப் படின்னு வெளிய தள்ளுவேன்ல, நீங்க கேப்பீங்கல்ல, பொம்பளப் புள்ளய இப்பிடி வளக்குறியேன்னு. அவ பொட்டிய யாரும் தூக்கிக்கிட்டு வரக் கூடாது.”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் அசைந்ததை வைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. அவளுக்கும் மகள் வேண்டும். பதினான்கு மாதமாக மகளின் அறைக்குள் அவள் ஏன் வருவதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஈக்களை அருவருத்து என்று நினைத்திருந்தேன்.

பதினான்கு மாதம் நான் பேசிய ‘இங்கயே’ எல்லாம் அவள் முன்பே கோடு போட்டு முடித்த தாளின் மேல் பேசியவை.

இரவில் அல்ல, மறுநாள் பகலில், நன்றாக யோசித்து மகளுக்கு ஒரு செய்தி எழுதினேன்: ஈக்களை இன்னும் வைத்திருக்க வேண்டுமா? பதில் வர அரை நாள் ஆனது. “தெரியல பா. வச்சிருங்களேன். ப்ளீஸ்.”

அதற்கு என்ன பொருள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்தியவன், இதைத் திருத்தாமல் விட்டேன்.

நேற்று தட்டும் நாள். மனைவி கேட்காமலேயே அடுப்பில் அகார் அகார் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லா ஈக்களையும், நறுக்கும் முழுசும் சேர்த்து, புதுப் போத்தலுக்குத் தட்டினேன். பஞ்சை அடைத்துத் தேதியை எழுதி, மேசையில் அந்தக் கீறலுக்கு நேராக வைத்தேன். பழைய போத்தலை அடுப்படிக்கு எடுத்துப் போனேன். அவள் கையில் காப்பு இல்லை. கெத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“ஊத்தலாமா?” என்றாள். இதற்கு முன்னால் அவள் அப்படிக் கேட்டதில்லை.

போத்தலை வெளிச்சத்தில் தூக்கி உருப்பெருக்கியில் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த கூடுகளில் நிறையக் காலி. சிலவற்றுக்குள் சிவந்த கண்ணும் மடிந்த சிறகும் தெரிந்தன.

“இன்னும் அஞ்சாறு இருக்கு. வெளிய வரல.”

“எப்ப வரும்?”

“நாளைக்கு. இல்லன்னா மறுநாளு.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு போய் மகளின் அறையில் வைத்தாள். திரும்பி வர நேரமானது.